காஞ்சிபுரம்–கிண்டி, தினமும் 144 கிலோமீட்டர்: எந்தக் கார் வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வீடு காஞ்சிபுரம், வேலை கிண்டி தொழிற்பேட்டை. போக 72, வர 72 கி.மீ. மாதத்தில் 24 நாள். இப்போது ஓடுவது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், லிட்டருக்கு 16 தருகிறது. உங்களுக்கு வயது 41, இடுப்பு வலி தலைகாட்டிவிட்டது. கடனையும் சேர்த்து ஆன்ரோடு (வரி, காப்பீடு, பதிவு எல்லாம் உட்பட) 16 லட்சம் வரை போகலாம். சொந்த வீடு, வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. மைலேஜும் வேண்டும், உடம்பும் நோகக்கூடாது.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளின் பராமரிப்பைப் பார்த்தவன். எந்த வண்டி எத்தனை லிட்டர் குடித்தது, எந்த டிரைவர் முதுகைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டார், இரண்டும் என் மேஜையில் ஒரே நோட்டில்தான் இருந்தன. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். வண்டிப் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

உங்கள் 72 கி.மீ. ஒரே ரோடு இல்லை, இரண்டு ரோடு. பொன்னேரிக்கரையில் பெங்களூர் நெடுஞ்சாலை ஏறியதிலிருந்து சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, தண்டலம், செம்பரம்பாக்கம் என்று ஒன்று. அங்கே வண்டி ஓடும். பூந்தமல்லி தாண்டி காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம், கத்திப்பாரா என்று இன்னொன்று. அங்கே வண்டி ஓடாது, நகரும். தூரத்தில் முதலாவதுதான் பெரும்பங்கு. இரண்டாவது 17 கி.மீ. சுமார்தான். ஆனால் மாலை ஆறரைக்குக் கிண்டியில் கிளம்பினால் நேரம் பாதிக்குப் பாதி. முதல் ரோடு உங்கள் பணத்தைத் தின்கிறது, இரண்டாவது உங்கள் இடுப்பைத் தின்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் ரோட்டை மட்டும் மனதில் வைத்து வண்டி வாங்குகிறார்கள்.

ஷோரூமில் சொல்லும் மைலேஜ் இந்த இரண்டு ரோட்டிலும் எடுத்தது அல்ல. ஆய்வுக்கூடத்தில் சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு எடுத்த எண். மாருதியின் புது டிசையர் ஆட்டோமேட்டிக்குக்கு 25.71 என்று போட்டிருக்கும். ஏ.சி. போட்டுக்கொண்டு உங்கள் பாதையில் 20 வந்தால் நல்ல வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் மறக்க வேண்டாம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கணக்குப்படி கலவையின் சக்தியில் 6, 7 சதவீதம் போய்விடும். உங்கள் பழைய வண்டி "முன்னே மாதிரி மைலேஜ் தரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் போல ஸ்பார்க் பிளக்கையே குறைசொல்லிக்கொண்டிருக்காமல் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். மாதம் 3,500 கி.மீ., வருஷத்துக்கு 42,000. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92, சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) கிலோ 90 என்று வைத்துப் போடுகிறேன். உங்கள் பங்க்கில் வேறு விலை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை மாறாது.

இப்போதைய வண்டிக்கு மாதம் சுமார் 21,900 ரூபாய் போகிறது. லிட்டருக்கு 20 தரும் புதுப் பெட்ரோல் வண்டியில் 17,500. அதே 20 தரும் டீசலில் 16,100. லிட்டருக்கு 23 தரும் ஹைபிரிட்டில் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) 15,200. கிலோவுக்கு 26 தரும் சி.என்.ஜி.யில் 12,100. மின்வண்டி கடைசியில்; அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

ஹைபிரிட்டை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் ஆசையோடு கேட்டிருக்கிறீர்கள். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் ஒரே இயந்திரம், விளம்பர மைலேஜ் 27.97. வண்டி அருமை, மறுக்கவில்லை. போரூர் சிக்னலில் எஞ்சின் அணைந்து, மோட்டாரில் ஊர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரன்ட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். உங்கள் இரண்டாவது ரோட்டுக்காகவே செய்தது போல இருக்கும். ஆனால் விலையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது (பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500க்குள்). இந்த ஹைபிரிட்டுகள் நீளத்திலும் எஞ்சினிலும் அந்த வரம்பைத் தாண்டுவதால் 40. அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி, ஷோரூம் விலை 5 முதல் 10 லட்சம் வரையான வண்டிக்கு 13 சதவீதம், 10 தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். எல்லாம் சேர்ந்து ஹைபிரிட் ஆன்ரோடு இருபது லட்சத்தைத் தொட்டுவிடும், உங்கள் எல்லையைத் தாண்டிவிடும். ஆன்ரோடு பத்தரை லட்சத்தில் ஒரு டிசையர் ஆட்டோமேட்டிக் வந்துவிடுகிறது. நடுவில் ஒன்பது லட்சம் வித்தியாசம்; மாதம் மிச்சம் 2,300 ரூபாய். அந்த ஒன்பது லட்சத்தை எடுக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே அளவு வண்டி இல்லை, ஒப்பிடுவது சரியில்லை என்பீர்கள். சரிதான். இடத்துக்கும் சொகுசுக்கும் ஹைபிரிட் வாங்கலாம். மைலேஜுக்காக வாங்குகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

டீசலைப் பற்றிச் சொன்னால் பழைய ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலை அடியோடு நிறுத்திவிட்டது. ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா இன்னும் தருகிறார்கள். இப்போதைய டீசலில் புகைபோக்கியோடு ஒரு வடிகட்டி இருக்கும், கரியைப் பிடித்து வைத்து, வண்டி சூடாகத் தொடர்ந்து ஓடும்போது எரித்துக்கொள்ளும். ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், தினமும் இரண்டு தடவை நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறது. பத்து வருஷம் ஆனால் டீசலை ஓட்ட விடமாட்டார்கள் என்பதும் டில்லி வட்டாரத்துச் சட்டம், நம் ஊருக்கு வரவில்லை. டீசலின் சிக்கல் வேறு. விலை வித்தியாசம் லிட்டருக்கு எட்டு ரூபாய்க்குக் குறுகிவிட்டது. டீசல் வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் லட்சம் எளிதில் திரும்பாது. வருஷம் 42,000 ஓட்டுபவருக்கு இன்னும் நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயம் மெலிந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் டீசலுக்குப் போனால் பத்து லட்சம் தாண்டி 18 சதவீத ஆயுள் வரியில் விழுவீர்கள்.

சி.என்.ஜி. கணக்கில் மலிவு. என் நோட்டில் எரிபொருள் பத்தியில் எப்போதும் கீழே நின்றது அதுதான். தொல்லை பத்தியில் மேலே நின்றதும் அதுதான். 55 லிட்டர் சிலிண்டரில் எட்டுக் கிலோ ஏறும். 26ஆல் பெருக்கினால் 200 கி.மீ. சொச்சம். அதாவது உங்களுக்கு ஒன்றரை நாளுக்கு ஒரு தடவை பங்க். வரிசையில் ஆட்டோ, டாக்ஸி எல்லாம் நிற்கும். உங்கள் முறை வரும்போது அழுத்தம் குறைந்து ஐந்து கிலோதான் ஏறியது என்பார்கள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிஷம் என்று போட்டுப் பாருங்கள். ஏற்கனவே தினமும் நான்கு மணி நேரத்தை ரோட்டுக்குக் கொடுக்கும் ஆளுக்கு அது பெரிய வரி. டிக்கியில் பாதி போய்விடும் (டாடாவின் இரட்டைச் சிலிண்டரில் கொஞ்சம் தப்பிக்கலாம்). மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டருக்கு அழுத்தப் பரிசோதனை கட்டாயம். சி.என்.ஜி. வண்டிகளில் பெரும்பாலானவை மேனுவல்தான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 2024இல் டாடா டியாகோவிலும் டிகோரிலும் கொண்டுவந்தார்கள். இடுப்பு வலி இல்லாத முப்பது வயதுப் பையன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிசையர் சி.என்.ஜி. என்றிருப்பேன்.

இப்போது மின்வண்டி. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று விற்பவர் சொல்வார். அவர் சென்னையில் ஒரு நாளைக்கு முப்பது கி.மீ. ஓட்டுபவரை நினைத்துச் சொல்கிறார். உங்கள் கதை அப்படி இல்லை, இதை நிதானமாகப் பாருங்கள்.

ஏ.சி.யோடு 80, 85இல் நெடுஞ்சாலையில் போனால் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்று வையுங்கள். மாதம் 3,500க்கு பேட்டரிக்கு 540 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 600. நமக்கு ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆக வண்டிக்கே 1,200 யூனிட். வீட்டில் ஏற்கனவே ஃபேன், ஃப்ரிட்ஜ், ராத்திரி ஒரு ஏ.சி. என்று 400 ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,600. நம் கட்டணம் படிக்கட்டு போல ஏறுவது: 500 தாண்டியதும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரம் தாண்டினால் பதினொன்றுக்கு மேல். வீட்டு விளக்கு கீழ்ப்படியில் எரியும், வண்டி முழுக்க மேல்படியில் நிற்கும். கூட்டிக் கழித்தால் வண்டியின் யூனிட் சராசரி பத்தரை, பதினொன்று. மாதம் 6,600 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தொண்ணூறு பைசா.

விற்பவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு. ஆனாலும் பெட்ரோலோடு வைத்துப் பார்த்தால் மாதம் 11,000 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். ஹைபிரிட்டின் கூடுதல் விலை திரும்ப முப்பது வருஷம் ஆகும், இதன் கூடுதல் விலை நான்கு வருஷத்தில் திரும்பிவிடும். மாடியில் வெயில் படும் இடம் இருந்தால் சோலாரும் யோசியுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மூன்று கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி பன்னிரண்டு யூனிட் தரும். அந்தப் பன்னிரண்டும் உங்கள் பில்லின் மேல்படியிலிருந்து கழியும், அதுதான் அதன் அழகு.

எத்தனை பெரிய பேட்டரி? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 24, 25 யூனிட் பேட்டரி உள்ள சின்ன வண்டிகள் விலையில் மயக்கும். 25ஐ ஆறரையால் பெருக்கினால் 162 கி.மீ. ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கினால் 130. உங்கள் போக்குவரத்தே 144. தினமும் வீடு வந்து சேருவோமா என்ற பதைப்பில் ஏ.சி.யை அணைத்துக்கொண்டு ஓட்டும் பிழைப்பு வேண்டாம். 38 யூனிட் என்றால் 247. ஒதுக்கியது போக 197. வருஷங்கள் போய்ப் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் 158. அப்போதும் வீடு வந்துசேரலாம். ஆகவே 38 உங்களுக்குக் கீழ் எல்லை, 45 நிம்மதி. எம்.ஜி. விண்ட்சரின் 38ம் டாடா நெக்ஸான் ஈ.வி.யின் 45ம் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. இரண்டிலும் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. தினமும் நிறைய ஏற்றி இறக்குவதைத் தாங்கும் ரகம். மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆயுள் வரியில் தமிழக அரசு சில வருஷங்களாக விலக்கு கொடுத்துவந்திருக்கிறது; நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேளுங்கள், ஷோரூமில் கேட்காதீர்கள். அது இருந்தால் 15, 16 லட்சத்துக்குள் அடங்கும். இல்லையென்றால் 18 சதவீதம் ஏறி எல்லை தாண்டிவிடும், அப்போது இந்தப் பதிலின் முடிவே மாறும்.

வீட்டில் சார்ஜ் ஏற்ற வழி செய்யாமல் வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு உங்களுக்கு 25 யூனிட் வேண்டும். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் அதற்கு எட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஐந்துக்கு முடியும். முடியும்தான், ஆனால் எட்டு மணி நேரம் இடைவிடாமல் அத்தனை கரன்ட் ஓடும் பிளக், பழைய வயரில் இருந்தால் உருகிவிடும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் குழி. பழைய வீடுகளில் எர்த் என்பது பேருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். த்ரீ பேஸ் இருந்தால், ஈ.பி.யில் விண்ணப்பித்து அனுமதித்த பளுவைக் கூட்டிக்கொண்டு பெரிய சார்ஜர் வைக்கலாம். ராத்திரி இரண்டு மணி நேரம் கரன்ட் போனாலும் காலையில் கவலை இருக்காது. வழியில் பங்க்குகளிலும் ஓட்டல் வாசல்களிலும் சார்ஜர் வந்துவிட்டது. இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. அதை நம்பி இந்தத் தூரத்துக்கு மின்வண்டி வாங்கக்கூடாது; அங்கே யூனிட் விலையும் வீட்டைவிட அதிகம், மிச்சமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

எந்த வண்டி வாங்கினாலும் உத்தரவாதத்தை வருஷத்தில் படிக்காதீர்கள், கிலோமீட்டரில் படியுங்கள். மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது இரண்டு வருஷம் நான்கு மாதம். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. என்ற பேட்டரி உத்தரவாதம் உங்களுக்கு நான்கு வருஷம்கூட இல்லை. மேலே சொன்ன நான்கு வருஷ மிச்சக் கணக்கு முடியும் இடமும் அதுதான் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் முதல் உரிமையாளருக்குக் கி.மீ. கட்டுப்பாடு இல்லாத ஆயுட்காலப் பேட்டரி உத்தரவாதம் தரும் மாடலாகப் பார்த்து, அதன் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். உங்கள் பெயரில், சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்யுங்கள். கம்பெனி பெயரில் எடுத்தால் பல சலுகைகள் செல்லாது.

சர்வீஸும் இதே போலத்தான். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் மற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை, உங்களுக்கு நான்கு. நான்கு நாள் வண்டி இல்லாமல் நிற்பீர்கள். டயர் வருஷத்துக்கு ஒரு செட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்வண்டி கனம் கூடியது, அதில் இன்னும் சீக்கிரம் தேயும். டோலுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்துவிடுங்கள். வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை அல்லது ஒரு வருஷம். பேரில்தான் வருடாந்திரம், போக ஒன்று வர ஒன்று என்று உங்களுக்கு நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், வருஷத்துக்கு மூன்று பாஸ். அப்படியும் ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய்தான் ஆகிறது.

இனி இடுப்பு. மேலே போட்ட கணக்கு எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம். என் டிரைவர்களில் ஒருவர், நல்ல ஓட்டுநர், ஒரு நாள் பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாரா வரை எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று விரல்விட்டு எண்ணினார். 340 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார். இடது கால் 340 தடவை எழுந்து இறங்கும்போது இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உழைக்கிறது. உங்கள் வலி எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. இடதுபக்கம் என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆகவே மேனுவல் வேண்டாம். அதில் பேரமே இல்லை.

ஆட்டோமேட்டிக்கிலும் வகை உண்டு. மலிவான ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டியேதான், கிளட்சை உங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கிறது. நெடுஞ்சாலையில் குறை தெரியாது. ஊரும் நெரிசலில் ஒவ்வொரு கியருக்கும் தலையை ஆட்டிவிடும். இரட்டைக் கிளட்ச் வகை வேகமானது, ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடாகும். சி.வி.டி.யும் (கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) டார்க் கன்வெர்ட்டரும் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது)தான் இந்த ரோட்டுக்கு இதமானவை. மின்வண்டியில் கியரே கிடையாது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் அதுவே வேகம் குறைத்துக்கொள்ளும், பிரேக் மிதிப்பதும் பாதியாகும். முதல் வாரம் பழக்கமில்லாமல் தலை சுற்றும், அப்படி வேகம் குறையும் அளவைத் தணித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சீட்டைப் பார்க்க ஐந்து நிமிஷ டெஸ்ட் டிரைவ் போதாது. ஐந்து நிமிஷத்தில் மெத்தென்று இருக்கும் சீட் ஒரு மணி நேரத்தில் குழியாகிவிடும். நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் சீட்டின் அடிப்பலகை குட்டை; தொடையின் பாதி அந்தரத்தில் நிற்கும், அந்தக் கனமெல்லாம் இடுப்புக்குப் போகும். உட்கார்ந்ததும் முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமல்ல, முன்னும் பின்னும் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஒன்று கையை நீட்டி முதுகு வளையும், இல்லை காலை மடக்கி உட்கார வேண்டும். இடது காலை வைத்துக்கொள்ள மேடை இருக்கிறதா? பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டும் வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விடுங்கள், செலவில்லாத வைத்தியம்.

இன்னொன்று, உங்கள் ரோட்டுக்கே உரியது. காலையில் கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே வருகிறீர்கள். காலையிலும், வெயில் சாயுமுன் கிளம்பும் மாலையிலும் சூரியன் முகத்தில். டாஷ்போர்டு கறுப்பாக இருக்கட்டும். வெளிர் நிறமென்றால் அதன் நிழல் கண்ணாடியில் விழுந்து கண் கூசும். கண்ணாடிக்கூரை வண்டிகளை ஷோரூம் விளக்கில் பார்த்து மயங்காதீர்கள், சித்திரை வெயிலில் திரையை மூடியே வைத்திருப்பீர்கள். ஏ.சி.யின் சத்தத்தையும் கேளுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது சீட் வழியாக ஏறும் அதிர்வு, டயரிலிருந்து வரும் இரைச்சல் எல்லாம் தினமும் நான்கு மணி நேரம் சேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் குழந்தை பேசினால் எரிச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது.

வாலாஜாபேட்டை–பூந்தமல்லி ஆறுவழிப் பணி எத்தனை வருஷமாக இழுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாலம் கட்டும் இடமெல்லாம் டைவர்ஷன், தார் முடிந்து மண். ஆகவே பெரிய சக்கரம், ஒல்லி டயர் உள்ள டாப் மாடல் அழகுக்கு ஆசைப்படாதீர்கள். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியின் அடியில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். ராத்திரியில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிரெய்லரும் அந்த ரோட்டின் நிரந்தரவாசி. முன்விளக்கு நல்லதா என்பதை இருட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதாக இருக்கட்டும். புது டிசையர், நெக்ஸான் ஈ.வி. இரண்டும் வாங்கியிருக்கின்றன; விண்ட்சருக்கு உண்டா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் 80, 85இல் ஓட்டுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கு மேல். 50 கி.மீ.யில் அதனால் மிஞ்சுவது ஏழரை நிமிஷம். அதைப் பூந்தமல்லி கூட்டத்தில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால்: வரி விலக்கு இருந்து, வீட்டில் தனி வயர் போட முடிந்தால், விண்ட்சர் 38 அல்லது நெக்ஸான் ஈ.வி. 45. இரண்டில் எது என்பதை உங்கள் இடுப்பு தீர்மானிக்கட்டும். முடியாவிட்டால் டிசையர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக், அது ஏ.எம்.டி.தான், தலையாட்டும், ஆனால் பத்து லட்ச வரிக்கோட்டுக்குக் கீழே இருக்கிறது, கையில் ஐந்து லட்சம் மிஞ்சும், ஐந்து வருஷம் கழித்து விற்கவும் சிரமம் இருக்காது. வாரத்தில் ஒரு நாளாவது செங்கல்பட்டு வழியாகக் கடற்கரை போகும் ரயிலில் ஏறி கிண்டியில் இறங்கிப் பாருங்கள். நேரம் கூட ஆகும், ஆனால் தூங்கலாம்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் தெருவைச் சுற்றி வராதீர்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரமாவது ஸ்ரீபெரும்புதூர் வரை போய்வாருங்கள். அதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். உங்கள் கடைசி மூன்று கரன்ட் பில்லில் இருக்கும் யூனிட்டையும், வீட்டில் த்ரீ பேஸா சிங்கிள் பேஸா என்பதையும் எழுதுங்கள். மின்வண்டிக் கணக்கை உங்கள் வீட்டுக்கென்றே போட்டுத் தருகிறேன்.